நல்லாயிருக்கார்னு சொன்ன பிறகு

தேர்வு மூன்று முறை தள்ளிப்போன பிறகு, நான்காம் ஆண்டு மருத்துவ மாணவர்களை மருத்துவமனையின் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தார்கள். தொற்று வார்டுக்குள் உறவினருக்கு அனுமதி இல்லை. உள்ளே இருப்பவர் எப்படியிருக்கிறார் என்று வீட்டாருக்குச் சொல்வதுதான் வேலை. அவர்களில் ஒருத்திக்கு விடுதியில் தொடைநடுங்கி என்று பெயர். வாய்மொழித் தேர்வென்றால் முதல் நாளே தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது.

மேசைக்கு வந்த பதினோராம் நாள் காலை, பதினேழாம் படுக்கைக்காரரின் மனைவியை அழைத்தாள். காய்ச்சல் விட்டிருக்கிறது, மூச்சும் பரவாயில்லை என்று தாளைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டே பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

அரைமணி கழித்து நர்ஸ் புதுத் தாளோடு வந்தாள். பதினேழுக்கு நேரே கோடு. அவர் விடியற்காலையே இறந்திருந்தார். இவள் வாசித்தது நேற்றைய தாள், தேதியைப் பார்க்கவில்லை.

துணிகள் வைக்கும் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அப்பாவை அழைத்து, படிப்பே வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். வழியெல்லாம் அடைத்திருக்கிறதே என்று தடுமாறிய அப்பா, ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள் என்றார்.

நர்ஸ் கதவைத் தட்டினாள்.

"வேணும்னா நான் பேசறேன். ஆனா அந்தம்மா நம்பினது உன் குரலை."

வெளியே வந்தாள். எண்ணை இரண்டு முறை தவறாக அழுத்தினாள். எடுத்ததுமே அந்தப் பெண், அவருக்கு வெந்நீர் கொடுக்கிறார்களா என்று கேட்டாள்.

"அம்மா, காலையில நான் சொன்னது நேத்து நிலைமை. அவர் இன்னைக்கு விடியக்காலையிலேயே தவறிட்டார். தேதியைப் பார்க்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பிள்ளைங்க இப்பதான் சிரிச்சு விளையாடுதுங்க. நான் என்னம்மா சொல்லுவேன்?"

அந்தப் பெண்ணே வைத்துவிட்டாள்.

பட்டியலில் இன்னும் இருபத்துமூன்று பேர். ஒவ்வோர் அழைப்புக்கு முன்னும் வார்டு வாசலுக்கு ஓடி, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுவந்தாள். மாலைக்குள் நர்ஸே எரிந்து விழுந்தாள்.

தேர்வு ஒருவழியாக நடந்த அன்று, முதல் கேள்வியை ஏழு தடவை வாசித்தாள். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்பவும் தொலைபேசி மேசையில் இருந்தாள். அங்கே அனுப்ப வேறு ஆள் இல்லை என்றார்கள்.