பானையில் போட்ட ஓட்டு

ஐம்பத்தெட்டாம் வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. மூன்று வருடமாகத் தலைவராக இருந்தவன் நான், சிவசாமி. நோர்வூட் கடைத்தெருவில் நடந்தால் "வாங்க தலைவரே" என்று நாலு பேராவது கூப்பிடுவார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. எதிர்த்து நின்றது யாரென்று நினைக்கிறீர்கள்? கொழுந்து பறிக்கிற ராக்காயி! மழை நாளில் ஈரக் கொழுந்து என்று சொல்லி நிறுவையில் இரண்டு றாத்தல் கழிக்கிறார்களாம், அதை நிறுத்திக் காட்டுவாளாம். கொழுந்து நனைந்தால் தோட்ட நிர்வாகம் கழிக்கத்தானே செய்யும்?

வழக்கம்போல், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கை தூக்கச் சொல்லலாம் என்றிருந்தேன். என் மனைவி அழகம்மாதான் தடுத்தாள்.

"ஏங்க, ராக்காயி கூட ஒரே மலையில கொழுந்தெடுக்கிறவளுக எல்லாம் இருக்காளுக. அவ முன்னாடி கை தூக்கச் சொன்னா சங்கடப்படுவாளுக. மறைவா போடச் சொல்லுங்க. அப்பத்தான் மனசுல உள்ளது வரும்."

மனசில் உள்ளது நான்தானே! கமிட்டியில் அடித்துப் பேசி, மறைவு ஓட்டுக்கு எல்லோரையும் சம்மதிக்க வைத்தேன். ஓட்டுச் சீட்டு வாசிக்கத் தெரியாதவர்களே அதிகம். அதனால் ஆளுக்கொரு தேயிலை விதை கொடுப்பது, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குள் இரண்டு பானை வைப்பது என்று முடிவானது. என் பானை அருகில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, அவள் பானை அருகில் கொழுந்துக் கூடை.

ஞாயிற்றுக்கிழமை பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். பெண்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நானும் சிரித்தேன், மடையன்.

பானைகளைக் கவிழ்த்து எண்ணினார்கள். எனக்கு எழுபத்தொன்று. ராக்காயிக்கு எழுபத்திரண்டு.

லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். "ஒரே ஒரு வெதையில போச்சுடி! கூட இருந்தே எவனோ குழி பறிச்சிட்டான்."

கூட வந்த அழகம்மா நின்றாள். "எவனும் இல்லீங்க. நாந்தான்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"நாங்க பறிக்கிற ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிறாங்கன்னு மூணு வருசமா ஒங்ககிட்டதானே சொன்னேன்? நீங்க காதுலயே போட்டுக்கல" என்றாள். குரலில் கோபமே இல்லை. "கை தூக்கச் சொல்லியிருந்தா, ஒங்க மொகத்தப் பாத்து ஒங்களுக்குத்தாங்க தூக்கியிருப்பேன்."