கைக்கும் இடுப்புக்கும் நடுவே

மூன்று நாள் பொறுத்திருக்கலாம். மூன்றே நாள். அம்மன் எங்கே ஓடிப் போகப் போகிறாள்?

யசோதா கொட்டகைப் பக்கம் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இலங்கையின் பன்விலைத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்காக அவள் புருஷன் ராஜலிங்க ஆசாரி செதுக்கிய மாரியம்மன் உள்ளே கிடந்தாள். இடது கை தோளோடு விட்டுப்போயிருந்தது. தேயிலை விலை விழுந்து, ஆட்களைத் தோட்டம் தோட்டமாக இந்தியாவுக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருஷம் அது.

இருபது வருஷம் உளிச் சத்தத்தில் ஊறிய காது ராஜலிங்கத்துக்கு. உரக்கப் பேசினால் கேட்கும். கல்லின் ஓசை கேட்காது. வெளியே யாருக்கும் தெரியாது. அவர் அடிக்கும்போது யசோதா எதிரே உட்கார்ந்திருப்பாள். நல்ல கல் வெண்கலம் போலப் பாடும். உள்ளே நரம்பு ஓடிய இடத்தில் ஓசை அமுங்கும். அவள் விரலைத் தூக்குவாள், அவர் நிறுத்துவார். அதிலும் கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள கல்லைக் குடைந்தெடுப்பது பொல்லாத வேலை. வெளி திறக்கத் திறக்கக் கல்லின் குரலே மாறும். முழுக்கல்லில் அடங்கிக் கிடந்த ஊனம் அப்போதுதான் வாயைத் திறக்கும். பார்க்கிறவர்களுக்கு அவள் தண்ணீர்ச் செம்போடு காத்திருக்கிற பெண்டாட்டி.

வீட்டுக்கு விலக்கான நாட்களில் மட்டும் அவள் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது. அது அவர் வைத்த சட்டம். இந்த மாதமும் பின்புறச் சாய்ப்பில் ஒதுங்கியிருந்தாள். கும்பாபிஷேகத்துக்கு நாள் நெருங்குகிறதென்று தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி விரட்ட, இவர் தனியே உளியை எடுத்துவிட்டார். இரண்டாம் நாள் காலை ஓசை அமுங்கியது சாய்ப்புவரை கேட்டது. "நிறுத்துங்க!" என்று கத்தினாள். கேட்க வேண்டிய காதுக்குத்தான் கேட்கவில்லை.

இன்றுதான் தலைமுழுகி வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது ராஜலிங்கம் எதிரே வந்து நின்றார்.

"கங்காணி மேட்டுல வர்றாரு. விலக்கா இருந்தப்ப நீ தெரியாம உள்ள வந்துட்டேன்னு சொல்லிரு. தீட்டு பட்டு ஒடஞ்சுச்சுன்னா எவனும் என் வேலையக் கொற பேசமாட்டான். வேற கல்லு குடுப்பாங்க."

அவர் காதருகே போய், "காது கேக்கலன்னு சொல்லுங்களேன்" என்றாள்.

"சொன்னா எவன் உளியக் குடுப்பான்? கண்டிக் கோயில் வேலையும் போயிரும். உனக்கென்ன, நாலு பொம்பளைங்க ரெண்டு நாளு திட்டுவாளுக. அப்புறம் மறந்துருவாளுக."

மறக்கமாட்டார்கள். இனி எந்த லயத்து வீட்டில் எந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டாலும், இவள் வாசலில்தான் மண் வாரித் தூற்றுவார்கள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறார்.

கங்காணி வந்ததும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். "என்னாய்யா ஆசாரி, ஆத்தா கைய ஒடிச்சுட்டு நிக்கிற? மொண்டிச் சாமிக்கா நாங்க பொங்க வைக்கிறது?" என்று கத்தினார்.

"இவளக் கேளுங்க" என்றார் ராஜலிங்கம்.

யசோதா முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "நான் உள்ள வரலீங்க" என்றாள் மெதுவாக.

அவள் உதடு அசைந்ததை மட்டும் பார்த்த ராஜலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "அறியாதவ. மன்னிச்சு விட்டுருங்க."

கங்காணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா சொன்ன?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"வரலீங்க."