கத்தரி பிடிக்காத கை

மார்ச் 12, புதன். தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்... ஞாயிறு காலை எழுந்ததும் அப்பா போகிற முதல் சிறுநீரைக் கீழே விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து மறுநாள் காலை வரை பரிசோதனைக்காகக் கேனில் சேர்க்க வேண்டும், நான் அந்த முதலையும் கேனில் ஊற்றிவிட்டேன், ஆய்வகத்தில் கொடுத்த தாளில் தெளிவாகத்தான் போட்டிருந்தது, எட்டு ஐம்பது, பதினொன்று இருபது என்று ஒவ்வொரு தடவையும் மணி குறித்தவளுக்கு முதல் வரி எப்படிக் கண்ணில் படாமல் போனது? அப்பா வேறு, "பள்ளிக்கூடத்துலகூட எனக்கு இப்படி யாரும் அட்டெண்டன்ஸ் எடுத்ததில்ல பாப்பா" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினேன்...

மாலை வகுப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், வாத்தியார் பலகையில் ஏதோ கட்டம் போடுகிறார், நோட்டின் கடைசிப் பக்கம் என்பதால் பாடம் எழுதுவதாக நினைத்துக்கொள்வார். இன்று காலை அறிக்கையைப் பார்த்த டாக்டர், புரதம் நிறைய ஒழுகுது என்றபோது எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது, எழுதவே வெட்கமாக இருக்கிறது, என் தப்பால்தானே கூடியிருக்கும், என் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே... சொன்னேன். அவர் திட்டவில்லை. "கொஞ்சம் கூடியிருக்கும்மா, மறுபடி சேத்துக் குடுங்க. ஆனா ரத்தத்தை நீங்க சேக்கலையே?" ரத்தப் பரிசோதனைப்படி இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நூற்றுக்குப் பதினெட்டுதான் வேலை செய்கிறதாம். "ஸ்கூல்லயும் எனக்கு இதே மார்க்குதாங்க" என்றார் அப்பா. டாக்டர் சிரிக்கவில்லை. இருபது வருஷச் சர்க்கரை வடிகட்டியை அரித்துவிட்டது, போனது போனதுதான், இருப்பது சீக்கிரம் போகாமல் பார்க்கலாம் என்றார், சர்க்கரை, ரத்த அழுத்தம், உப்பு, எல்லாவற்றையும் நம்பர் போட்டு எழுதிக்கொண்டேன், நான்காவது முதுகுவலி மாத்திரை, அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம், இனி தொடக் கூடாது... அட்டை அட்டையாக அதை வாங்கிவந்தது யார்? நின்றுகொண்டே துணி வெட்டுகிற மனிதருக்கு முதுகு வலிக்கிறதே என்று, கேட்பதற்கு முன்னாலேயே வாங்கிவைத்தது யார்?

கிளம்பும்போது டாக்டர், "எந்தக் கையால கத்தரி புடிப்பீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, வலது கையைத் தூக்கி இரண்டு விரலால் காற்றை வெட்டிக் காட்டினார், "முப்பது வருஷமா இந்தக் கைதாங்க. கண்ணை மூடிக்கிட்டு காலர் வெட்டுவேன்." டாக்டர் சீட்டில் ஒரு வரி எழுதினார், இடது கையில் ஊசி போடக் கூடாது, நானும் அதை ஐந்தாவதாக எழுதிக்கொண்டேன், ஏன் என்று கேட்கவில்லை, இத்தனை எழுதுகிறவள் அதை ஏன் கேட்கவில்லை? பஸ்ஸில் அப்பா, "தங்கமான மனுஷன், தொழிலையெல்லாம் விசாரிக்கிறாரு பாரு" என்று இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன், மனம் மட்டும் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தவரிடமே போனது, டயாலிசிஸுக்குக் காத்திருந்தவர், முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்திருந்தது, இடது கை... அதில்தான் வாரம் மூன்று தடவை ஊசி குத்தி மெஷினோடு இணைப்பார்களாம், அவரே சொன்னார், அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டார்தானே, கேட்டாரா, இல்லை காதில் விழாத மாதிரி இருந்தாரா? தொழிலை விசாரிக்கவில்லை அப்பா, எந்தக் கையின் ரத்தக்குழாயை இப்போதே ஊசி படாமல் மெஷினுக்கு ஒதுக்கிவைக்கலாம் என்று டாக்டர் பார்த்திருக்கிறார்... வாத்தியார் பலகையை அழித்துவிட்டார், நான் ஒரு கட்டம்கூட வரையவில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டுமா, இல்லை அப்பாவுக்குத் தெரிந்துதான் பஸ்ஸில் இரண்டு தடவை அப்படிச் சொன்னாரா?

நாளை: காலை ஏழு மணிக்கு அப்பாவோடு ஆய்வகம், டாக்டர் இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். ரத்தம் வலது கையில் மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும்.