மழை வாக்களித்த சனிக்கிழமை

வாரிங்கா ஊரின் வாக்காளர் பட்டியலில் மழையின் பெயரும் உண்டு. முகவரி, அணைக்கு மேலே இருக்கும் குன்று. ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம் என்பதால், தேர்தல் சனிக்கிழமைகளில் மழை தவறாமல் வரும். மற்ற நாட்களில் வருவது அதன் விருப்பம்.

இந்த முறை அது வெகுநாளாக ஊரில் தென்படவில்லை.

"ஒரு மாதமாக வீட்டில் இல்லாதவரின் பெயரை நீக்கிவிடலாம். நேரில் பார்த்து எழுதிக் கொடு," என்றார் தேர்தல் அலுவலர் கிரேக். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தர்ஷிகாவிடம் அந்தப் பொறுப்பு வந்தது.

பெயர் போனால் வரவேண்டிய கட்டாயமும் போய்விடும். அவள் அப்பாவின் தோட்டத்தில் தோடம்பழ மரங்கள் ஏற்கனவே இலை சுருண்டு நின்றன.

"ஊரிலைதான் இருக்குதெண்டு எழுதிவிடு பிள்ளை," என்றார் அப்பா.

"காணாததை எப்பிடியப்பா எழுதுறது?"

"உன்னைப் படிப்பிச்சதுக்கு எனக்கு இதுவும் வேணும்," என்றவர், அவளைக் காரில் ஏற்றிக் குன்றடியில் இறக்கிவிட்டார்.

தர்ஷிகா மேலே ஏறி, மழையின் வாசலாக இருந்த பாறையைத் தட்டினாள். பதில் இல்லை. பேனாவை எடுத்தவள், மனம் கேளாமல் பாறையடி மண்ணைத் தோண்டிப் பார்த்தாள். முழங்கை ஆழத்தில், மழை விட்டுப்போன ஈரத்தில் விரல் நனைந்தது. சாமான்களை விட்டுப் போனவர் குடிபெயர்ந்தவர் ஆகமாட்டார். 'வெளியே போயிருக்கிறது, திரும்பி வரும் எண்ணம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கிரேக் ஏற்றுக்கொண்டார்.

தேர்தல் நாளன்று பள்ளி மண்டபத்தில் வாக்களித்த யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் சுட்டு விற்ற சொசேஜைத் தின்றபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவு மூடுவதற்குச் சற்று முன் தகரக் கூரை சடசடத்தது. மழை வரிசையில் வந்து நின்றது.

"இந்தத் தேர்தலில் வேறெங்காவது வாக்களித்தீர்களா?" என்று தர்ஷிகா விதிப்படி கேட்டாள்.

இல்லை என்றது மழை. அவள் பட்டியலில் அதன் பெயரைக் கோடிட்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

வேட்பாளர் எல்லோருக்கும் வரிசைப்படி இலக்கமிட வேண்டும். மழை ஒவ்வொருவரைப் பற்றியும் ஆழமாக யோசித்தது. வாக்களிப்பவரை அவசரப்படுத்தக் கூடாது என்பது விதி. தொட்டிகள் நிரம்பின. அணை நிரம்பியது. ஊரே நனைந்தபடி கைதட்டியது.

"இன்னும் கொஞ்சப் பேர் தேர்தல்லை நிண்டிருக்கலாம்," என்றார் அப்பா, இரண்டாவது சொசேஜுக்கு வெங்காயம் கூடப் போடச் சொல்லிக்கொண்டே.

மறுநாள் மத்தியானம் மழை சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டது. அதற்குப் பின்னால் கடல் நின்றது. விடுமுறையில் வந்திருக்கிறதாம், கதவு மூடுமுன்பே வரிசையில் சேர்ந்துவிட்டதாம். தர்ஷிகா வெளித்தொகுதி வாக்காளர் மேசையைக் காட்டினாள். மீன்களை வாசலில் விட்டுவிட்டு வரும்படி பணிவாகச் சொன்னாள்.