காகத்துக்கு வைத்த தயிர்ச்சோறு

பகல் பன்னிரண்டரை. சிவமணி பல்கனி ஸ்டூலில் தட்டை வைத்துக் காகத்தைக் கூப்பிட்டாள். தயிர்ச்சோறு, உப்புக் கொஞ்சம் தூக்கலாக. மகன் கிஷாந்த் அப்படித்தான் சாப்பிடுவான்.

பார்த்துக்கொண்டு நின்றால் காகம் வராது என்று உள்ளே போய் மகனின் படத்துக்கு முன்னால் இருந்தாள். திரும்பி வந்தபோது தட்டு வழித்துத் துடைத்ததுபோல் கிடந்தது.

"வந்து சாப்பிட்டிட்டான்" என்றாள். பிறகு தனக்குப் போட்டுக்கொண்டாள். காகம் தொடாத நாளில் அவளும் தொடமாட்டாள்.

அவள் கணவர் சிவபாதசுந்தரம் குளியலறைப் பக்கம் மின்னடுப்பில் வாத்து அவித்துக்கொண்டிருந்தார். மகனின் முதல் வருட ஆட்டைத் திவசம் முடியும்வரை குசினிக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. ஆகவே அடுப்பும் சட்டியும் அகப்பையும் வேறு. வாத்து பூனைக்கு.

பூனையின் பெயர் கோப்பி. கிஷாந்த் ரயில் பாதையோரம் குட்டியாகக் கண்டு சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. டெங்குக் காய்ச்சலோடு அவனைக் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அதற்குச் சாப்பாடு வைக்கச் சொல்லிவிட்டுத்தான் வாகனத்தில் ஏறினான். திரும்பி வரவில்லை.

அதன்பிறகு கோப்பி கழுத்தைச் சொறியத் தொடங்கியது. முதலில் மயிர் உதிர்ந்தது. பிறகு தோல் சிவந்து நீர் கசிந்தது. தெள்ளுப்பூச்சிக்கு மருந்து விட்டார்கள். குறையவில்லை. ஊசி போட்டால் அடங்கும், பிறகு மீண்டும் வரும். மிருக வைத்தியர் ஜுமானா இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சுகர் ஏறியிருக்கிறது, இனி இந்த ஊசி போட்டால் பூனை தாங்காது என்றார். ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறார். இதுவரை தின்னாத இறைச்சி ஒன்றை மட்டும் இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். வேறு ஒரு வாய்கூடப் படக்கூடாது. பட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

வாத்து வத்தளையில் இருந்து வந்தது. கந்தோரில் அவரோடு வேலை செய்த வலன்ரைன் கொண்டுவந்து கொடுத்தார்.

"பூனைக்கு வாத்து, உங்களுக்குப் பருப்பு. அடுத்த பிறவியில உங்கட வீட்டுப் பூனையாப் பிறக்கவேணும் ஐயா."

சிவபாதசுந்தரம் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்தது குறைவு.

வாத்துக்கும் புண் ஆறவில்லை. சொறியாமல் இருக்கக் கழுத்தில் புனல்போல விரிந்த பிளாஸ்டிக் வளையம் மாட்டினார்கள். கோப்பி அதைச் சுவரில் தேய்த்தது. வளையத்தின் விளிம்பில் இரத்தம் பட்டது.

கூடையில் வைத்து மறுபடியும் கொண்டுபோனார். ஜுமானா வளையத்தைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் எதையோ சுரண்டி எடுத்து மேசையில் வைத்தார். காய்ந்த சோற்றுப் பருக்கை. மணந்து பார்த்தார்.

"அங்கிள், தயிர் குடுக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த சிவபாதசுந்தரத்துக்குப் பல்கனித் தட்டு நினைவுக்கு வந்தது.

பால் சாமான் ஒத்துக்கொள்ளாத பூனைகள் இருக்கின்றன என்றார் ஜுமானா. அதுதான் காரணமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. முதலில் இருந்து தொடங்குங்கள்.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். காகம் கொத்தினால் சோறு சிந்தும். ஸ்டூலைச் சுற்றி ஒரு பருக்கையையும் அவர் கண்டதில்லை. பக்கத்து வளவுப் பலாமரத்தைத் தொடர்மாடி கட்டுவதற்கு வெட்டிய பிறகு காகம் கரையும் சத்தமும் இல்லை. இதை அவர் முன்பே கவனித்திருக்க வேண்டும். தினமும் அந்த நேரம் வாத்து அவித்துக்கொண்டிருந்தார்.

சிவமணியிடம் சொல்லவில்லை. மறுநாள் பன்னிரண்டு மணிக்கே கோப்பியைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

தட்டு அப்படியே இருந்தது. அவள் மூன்று முறை போய்ப் பார்த்தாள். பின்னேரம் சோறு வெயிலில் காய்ந்து வெடித்தது. இரவு தேநீர் மட்டும் குடித்தாள்.

"ஏதோ கோவம் அவனுக்கு" என்றாள்.

அடுத்த நாள் சோற்றோடு மாதுளம் முத்தும் சேர்த்தாள். அதையும் எதுவும் தொடவில்லை. காலையில் இருந்து அவள் தண்ணீரும் குடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படுக்கையறைக்குள் கோப்பி கதவைப் பிறாண்டியது.

அவர் கதவுக்கு முன்னால் நின்றார். திறந்துவிட்டால் தட்டு காலியாகும். அவள் சாப்பிடுவாள். பூனை எத்தனை நாளைக்கு இருக்குமோ தெரியாது. மகன் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

பூட்டில் இருந்து கையை எடுத்தார். பல்கனிக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"சிவமணி, நீர் சாப்பிடும். காகம் வராது."

"முந்தநாள் வரைக்கும் வந்ததுதானே."

"வரேல்லை. மரம் வெட்டின நாளில இருந்து வரேல்லை. கோப்பிதான் சாப்பிட்டது. டொக்டர் வளையத்துக்குள்ள இருந்து பருக்கை எடுத்துக் காட்டினவ. இந்தத் தயிராலதான் புண் மாறேல்லை போல."

அவள் தட்டைப் பார்த்தாள். ஈ ஒன்று இருந்தது. அதைக் கலைத்தாள். அறைக்குள் பிறாண்டும் சத்தம் நின்றிருந்தது. வெட்டிய மரத்தின் இடத்தில் கட்டடக் கம்பிகள் நின்றன. அங்கே வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் பிள்ளை ஒண்டும் சாப்பிடேல்லையே?"