ஐந்து மாடி ஸ்தோத்திரம்

சாவி எங்கே என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூன்றாம் முறையாகக் கேட்டபோது, மகள் அப்பாவின் கறுப்புக் கோட்டுக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது லேசில் மாட்டவில்லை. அண்ணன் கல்யாணத்துக்கு மூன்றாம் மாடித் தையல்காரி தைத்துக் கொடுத்த கோட்டு. அப்பா எதையும் இறுக்கமாகத்தான் தைக்கச் சொல்வார். தொளதொளவென்று எது இருந்தாலும் அவருக்கு ஆகாது.

"அஞ்சு நிமிஷம்தாம்மா," என்றார் செயலாளர். துக்க வீட்டுக்கு உண்டான மரியாதை குரலில் இருந்தது. "பெட்டிய லிஃப்ட்ல வச்சு இறக்கிட்டு, உடனே பழையபடி பூட்டிடலாம். இந்தப் படியில எப்படித் திருப்புவீங்க?"

சாவி அவள் சட்டைப் பையில்தான் இருந்தது. அப்பா லிஃப்ட் இன்ஸ்பெக்டர். அந்த வட்டாரத்து லிஃப்ட்டுகள் எல்லாம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஓடும். மூன்று வாரத்துக்கு முன்னால், தாம் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட்டையே நிறுத்தி, மெயின் சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, கம்பி முறுக்கி ஈய முத்திரையும் வைத்துவிட்டார். அவர் வீடு ஐந்தாம் மாடியில். தன் காலைத் தானே கட்டிக்கொண்ட மனுஷன் என்று கட்டடமே சிரித்தது.

நேற்றுக் காலை அந்தப் படியில்தான் இறந்தார்.

அதை நேராக யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் "பூட்டினவரே படியேறி..." என்று ஆரம்பித்து, அவளைப் பார்த்ததும் மீதியை மென்று விழுங்கினார்கள். டாக்டரோ, இதயம் பல வருஷமாகப் பழுது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் நின்றிருக்கும் என்றார். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, போதாமலும் இருந்தது.

அவர் படியேறுவது ரகசியமாக நடக்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு மாடி வந்ததும் நின்று, மூச்சு வாங்கி, "ஸ்தோத்திரம்" என்று உரக்கச் சொல்வார். கடவுளுக்கு நன்றி பாதி, மூச்சுக்கு ஓய்வு பாதி. லிஃப்ட் நின்ற மூன்று வாரத்தில் அந்தச் சத்தம் கட்டடத்துக்கு மணிக்கூண்டு மாதிரி ஆகிவிட்டது. "ஸ்தோத்திரம் ரெண்டாவது மாடிக்கு வந்தாச்சு" என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வார்கள். அப்பாவின் பட்டப்பெயரும் அதுவே. நேற்று அவள் நான்காம் மாடி ஸ்தோத்திரத்தைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் டீயை வைத்தாள். டீ பொங்கி வழிந்த பிறகும் ஆள் வரவில்லை.

அப்பா எதையும் மனசுக்குள் செய்தவர் இல்லை. எந்த லிஃப்ட்டின் தலையில் ஏறுவதற்கு முன்னாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, கண்ணை மூடி, இயேசுவின் நாமத்தில் சத்தமாக ஜெபம் பண்ணுவார். பக்கத்தில் நிற்பது காவலாளியா, கட்டடத்தின் சொந்தக்காரரா என்று பார்க்கமாட்டார். ஒரு ஹோட்டல் முதலாளி இதை மேலே எழுதிப் போட்டார். மேலதிகாரி கூப்பிட்டு, இதை மனசுக்குள்ளேயே சொல்லிக்கக் கூடாதா என்று கேட்டார். "ஏறப்போறது நான், ஐயா. யார்கிட்டச் சொல்லிட்டு ஏறறேன்னு நிக்கிறவங்களுக்கும் தெரியட்டுமே," என்று அப்பா சொன்னாராம். பதவி உயர்வு நாலு வருஷம் தள்ளிப்போனது. அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் அவர் முணுமுணுத்ததில்லை.

மகள் அப்படியே நேர்மாறு. மருந்துக் கடையில் வேலை. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்து, யாருக்கும் தெரியாமல் ஜெபத்தை முடித்துவிடுவாள். வாயில்லாப் பூச்சி என்று அண்ணன் கேலி செய்வான். அண்ணன் மட்டும் என்ன, வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை மறந்தே போனவன்.

லிஃப்ட்டைப் பூட்டிய மறுநாள் சங்கம் கூட்டம் போட்டது. நீயும் வாயேன் என்று அப்பா கூப்பிட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டாள். தலை வலிக்கவே இல்லை. அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிம்மா என்று தனியாக இறங்கிப் போனார். அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் முகம் சுட்டது.

கூட்டத்தில் நாற்பது பேர். எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவர் செயலாளர்தான். வீடு முதல் மாடியில், லிஃப்ட் ஏறியே பழக்கமில்லாதவர். லிஃப்ட்டைத் தாங்குகிற கம்பி ரோப் தேய்ந்துவிட்டது, புதுசு வர ஒரு மாதம் ஆகுமாம், அதுவரை கண்டும் காணாமல் விடக்கூடாதா என்று கேட்டார்கள். என் கையெழுத்துக்கு நான் கர்த்தர்கிட்டப் பதில் சொல்லணும், சங்கத்துகிட்ட இல்லை என்று அப்பா சொன்னார். உடனே செயலாளர், அப்படியானால் உங்கள் கர்த்தரே மூன்றாம் மாடித் தையல்காரிக்குத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு வருவாரா என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரிக்கு ஒரு கால் விளங்காது.

"அவர் என்னை அனுப்புவார்," என்றார் அப்பா.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேனைத் தூக்கிவிட்டார். தையல்காரிக்குத் தண்ணீர், நான்காம் மாடியில் பிள்ளை பெற்றவளுக்கு மளிகை, ஆறாம் மாடியில் ஆபரேஷன் ஆனவருக்கு மருந்து. திட்டினவர்களுடைய பையும் அதில் உண்டு. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள். பூட்டினவன்தானே தூக்கணும் என்றார். அதற்குமேல் அவரிடம் பேச்சே கிடையாது.

இப்போது பெட்டிக்குள் கைகோத்துப் படுத்திருந்தார். பொத்தான் ஒரு வழியாக மாட்டியது.

லிஃப்ட் மெக்கானிக் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தவர், பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "ரோப் மேல பஞ்சுத் துணிய இழுத்துப் பார்த்தாரும்மா. அறுந்த இழை இருந்தா துணி மாட்டும். பன்னெண்டு எடத்துல மாட்டுச்சு. ஒரு மாசம் தாங்கலாம்னு நான்தான் சொன்னேன். 'தாங்கலாம்'ங்கறதுக்கு நான் கையெழுத்துப் போடறதில்லப்பான்னுட்டார்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு தடவைதானே, இப்பவும் தாங்கலாம்," என்றார். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்கே உறைத்திருக்க வேண்டும், தரையைப் பார்த்தார்.

அண்ணன் அவள் தோளைத் தொட்டான். "கொடுத்துடு. படியில பெட்டி சாய்ஞ்சா அவருக்குத்தான் அவமானம். நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

நாலு பேர். அவளும் இத்தனை வருஷம் அந்த நாலு பேருக்காகத்தான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். கூடம் முழுக்க ஆட்கள். போதகர் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். செயலாளர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். தலைவலி என்று சொல்லி உள்ளே போய்விடலாம். இன்றைக்கு யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

எழுந்து நின்றாள்.

"சாவி என்கிட்டதான் இருக்கு," என்றாள். "தரமாட்டேன். எங்கப்பா பூட்டினது. அவர் கர்த்தருக்குப் பயந்து பூட்டினார், வேற யாருக்கும் பயப்படல. அவர் படியிலதான் போவார்."

சத்தம் நடுங்கியது, ஆனால் வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. செயலாளர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். போதகர், அப்படியானால் தூக்கலாமா என்று மட்டும் கேட்டார்.

சபையார் நாலு பேரும் அண்ணனும் மெக்கானிக்கும் தூக்கினார்கள். அவள் பெட்டியின் தலைமாட்டுக்குப் பின்னால் இறங்கினாள். படி குறுகல்தான், செயலாளர் சொன்னதில் பொய்யில்லை. திருப்பத்தில் பெட்டியைக் கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்கி வளைக்க வேண்டியிருந்தது. அண்ணன் ஒரு தடவை சறுக்கி முட்டியைச் சுவரில் இடித்துக்கொண்டான். அப்பா நேற்று உட்கார்ந்து உயிரை விட்ட படியை எல்லாரும் பார்த்துப் பார்த்துத் தாண்டினார்கள்.

நான்காம் மாடியில் மூச்சு வாங்க நின்றார்கள். பிள்ளை பெற்றவள் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். அந்தப் படிமேடையில் நின்றதும் எல்லார் காதும் ஒரு சத்தத்தை எதிர்பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. மூன்று வாரமாக இந்த இடத்தில் வந்த சத்தம்.

"ஸ்தோத்திரம்," என்றாள் மகள்.

அப்பா சொல்வதுபோலவே, உரக்க. படிக்கட்டு அதை வாங்கி மேலும் கீழும் அனுப்பியது. தூக்கியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நகர்ந்தார்கள். கீழே எங்கேயோ ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று.

மூன்றாம் மாடியில் தையல்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. சாமி, பூதம் எதுவுமே எனக்கு வேண்டாம் என்று அப்பாவிடமே முகத்துக்கு நேராகச் சொன்னவள். பெட்டி வந்து நின்றதும் மகள் வாயைத் திறப்பதற்கு முன்னால், "சொல்லும்மா, சொல்லு," என்றாள். மகள் சொன்னாள். அதற்குள் இரண்டாம் மாடியிலிருந்து மூன்று பேர் ஏறி வந்து, களைத்தவர்களிடமிருந்து பெட்டியை மாற்றி வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்தில் சிரித்தவர்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள்.

செயலாளர் இவர்களை முந்திக்கொண்டு கீழே ஓடியிருந்தார். முதல் மாடித் திருப்பத்தில் அவர் வீட்டுச் செருப்பு அலமாரி படியை அடைத்துக்கொண்டு மூன்று வருஷமாக நிற்கிறது. தீப்பிடித்தால் ஜனம் எப்படி இறங்கும், எடுங்கள் என்று அப்பா கேட்காத மாதமில்லை. அவரும் அடுத்த மாதம் என்று சொல்லாத மாதமில்லை. இப்போது அந்த அலமாரியைத் தனியாகக் கட்டிப்பிடித்து, செருப்பும் ஷூவும் உதிர உதிர உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். பெட்டி அந்தத் திருப்பத்தில் எங்கேயும் இடிக்காமல் திரும்பியது. அவர் வேர்த்து விறுவிறுத்து, ஒற்றைச் செருப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றார்.

கீழே லிஃப்ட்டைத் தாண்டிப் போனார்கள். சுவிட்ச் பெட்டியில் ஈய முத்திரை உடையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைத் திரும்பிப் பார்த்தான். அழுதுகொண்டிருந்தான், ஆனால் நிமிர்ந்து நடந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு நிறைந்து, இவர் என் அப்பா என்று தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. அண்ணன் போதகரோடு பின்னால் வந்துகொண்டிருந்தான். அவள் மட்டும் முன்னால் வந்து படியேறினாள். செருப்பு அலமாரி இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக, சதுரமாகத் தெரிந்தது.

மூன்றாம் மாடியில் தையல்காரியின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே காலிக் கேன். காலையில் பழக்க தோஷத்தில் வைத்தாளோ, எடுக்க மறந்துவிட்டாளோ. மகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சட்டைப் பையைத் தொட்டு, சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு கேனை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே இறங்கினாள்.

குழாயடியில் கேன் நிறைய நேரமானது. இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக வைத்து ஏறினாள். முதல் மாடி வந்ததும் மூச்சு முட்டியது. நின்றாள்.

"ஸ்தோத்திரம்," என்றாள்.

மேலே மூன்றாம் மாடியில் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.