காற்று நுழையாத குகை

கடைசிக் கல்லையும் புரட்டித் தள்ளியபோது இஷ்பெல்லுக்கு முதலில் தெரிந்தது அப்பாவின் கம்பளிக் குல்லா. தூங்கும் பைக்குள் காலை உள்ளே நீட்டி, தலையை வாசல் பக்கம் வைத்துப் படுத்திருந்தார். "அப்பா" என்று கன்னத்தைத் தொட்டாள். கல்லைத் தொட்டதுபோலவே இருந்தது.

கீழ்ச்சரிவில் தேடிக்கொண்டிருந்த மலைமீட்புக் குழுவினர் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் குழுத்தலைவர் ரோரி. மல்லாந்து கிடந்த தன் முப்பது வருஷ நண்பனின் கழுத்தில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் குல்லாவைக் கழற்றினார்.

"போயிட்டான், இஷ்பெல்."

குழுவில் இருந்த டாக்டரம்மா அப்பாவை மெல்ல வெளியே இழுத்துப் பார்த்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்திருந்தது. பனிக்கட்டியில் எங்கோ வழுக்கி விழுந்து, இங்கேவரை ஊர்ந்தே வந்திருக்கிறார். வந்தவர் சும்மா படுத்தாரா என்றால் அதுவும் இல்லை. வாசலை உள்ளிருந்தே கல்லடுக்கி, இடுக்கில் மண்ணும் பாசியும் திணித்து, ஒரு பொட்டுக் காற்று நுழையாதபடி அடைத்திருக்கிறார். அப்பா டூகல்ட் அப்படித்தான். செத்தாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

"எப்ப போனாரு?" என்று கேட்டாள் இஷ்பெல்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. நேத்து ராத்திரி. இல்லேன்னா இன்னிக்கு விடியக்காலைல."

டாக்டரம்மா அடங்கிய குரலில்தான் சொன்னார். ஆனால் ரோரியின் காதில் விழுந்துவிட்டது. நேற்று மத்தியானம் இதே இடத்துக்குக் கீழேதான் அவரும் ஆட்களும் மூடுபனியில் தடவித் தடவி நடந்துபோனார்கள். தேடும் நாயும் மோப்பம் பிடிக்காமல் தாண்டிப் போயிருந்தது.

டூகல்ட்டும் ரோரியும் இந்தக் கெய்ர்ன்கார்ம் மலைகளைச் சல்லடையாகச் சலித்தவர்கள். தேடியது குகைகளை. அடிவாரத்துப் பொந்துகளை அவர்கள் மதிப்பதே இல்லை. மரம் முளைக்காத உயரத்தில், தரை ஈரமில்லாமல், கூரை ஒழுகாமல், மேல்காற்றுக்கு முதுகு காட்டி, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கத் தோதாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் யாரிடமும் சொல்லக் கூடாது. வரைபடத்தில் புள்ளி வைக்கக் கூடாது, பக்கத்தில் அடையாளக்கல் நிறுத்தக் கூடாது, அடுப்புக் கரி வெளியே தெரியக் கூடாது. வாசலை அடைத்துவிட்டால் அது வெறும் பாறையாகத் தெரிய வேண்டும். அடுத்தவன் வேண்டுமென்றால் தானே தேடிக் கண்டுபிடிக்கட்டும். மலையேறிகளின் எழுதாத சட்டம் இது.

"நீ படுக்கிறதெல்லாம் நரிப்பொந்துடா" என்பார் ரோரி, மதுக்கடையில்.

"உன்னுது பெரிய அரண்மனை. மழை பெஞ்சா படுத்துக்கிட்டே குளிக்கலாமாமே?" என்பார் டூகல்ட்.

எங்கே போகிறாய் என்றாவது சொல்லிவிட்டுப் போ என்று அம்மா கெஞ்சும்போது அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைக்க இஷ்பெல்லுக்கு இப்போது ஆத்திரமாக வந்தது. நரைத்த வயதில் இரண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறார்கள்.

இன்று வெயில் வந்ததால்தான் இடம் அகப்பட்டது. ஓடைக்கரையில் மட்டும் முளைக்கும் பாசி, இந்த உயரத்தில் ஒரு பாறையின் அடியில் பச்சைப்பசேலென்று தெரிந்தது. நேற்றைய மூட்டத்தில் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

டூகல்ட்டை ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள்.

"நீயும் அவங்களோட போ. சாமானை நான் எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றார் ரோரி.

அவள் நகரவில்லை. "நேத்து நீங்க எங்க நின்னு கூப்பிட்டீங்க?"

ரோரி கீழே ஒரு தட்டைப்பாறையைக் காட்டினார். கல்லெறி தூரம்கூட இல்லை.

"நல்லா சத்தமா கூப்பிட்டீங்களா?"

"தொண்டை கிழியக் கத்தினோம். அப்புறம் எல்லாரும் மூச்சுவிடாம காது குடுத்துக் கேட்டோம். காத்துகூட அடிக்கல. ஒண்ணும் கேக்கல, இஷ்பெல்."

"அப்பாவுக்குக் கேட்டிருக்குமா?"

ரோரி எதிர்மலையைப் பார்த்தார். "கேட்டிருக்காது. அவ்வளவு கல்லு, மண்ணு, பாசி. அவன் அடைச்ச வாசல் ஆச்சே." பிறகு அவள் பக்கம் திரும்பி, "கேட்டிருந்தா ஒரு குரல் குடுத்திருப்பான்ல?" என்றார். அது கேள்வியாக இல்லை, பிச்சை கேட்பதாக இருந்தது.

"போய் அங்க நில்லுங்க. நேத்து மாதிரியே கூப்பிடுங்க."

"வேண்டாம்மா. என்ன ஆகப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சாகணும். போங்க, ரோரி."

காலை முதலில் விட்டு உள்ளே நுழைந்து, அப்பா படுத்த இடத்தில் படுத்தாள். கல்லை ஒவ்வொன்றாக இழுத்து அடுக்கி, பாசியைத் திணித்தாள். இருட்டானது. தரை காய்ந்திருந்தது. எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. காலைத் தாராளமாக நீட்ட முடிந்தது. வாழ்நாளெல்லாம் தேடியதில் இதுதான் அவருக்குக் கிடைத்த நல்ல குகை. அது தெரிந்ததும் அழுகை வந்தது.

"டூகல்ட்!"

கேட்டது. பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் தெளிவாகக் கேட்டது.

"டூகல்ட்! எங்கடா இருக்க?"

பூட்ஸுக்கு அடியில் பனி நொறுங்குவது கேட்டது. அவர் இருமுவதும் கேட்டது. கால் உடைந்து, குளிரில் விறைத்துப்போன ஒருவருக்கு எவ்வளவு குரல் மிஞ்சியிருக்குமோ அவ்வளவு குரலில் இஷ்பெல், "இங்க இருக்கேன்" என்றாள்.

"டூகல்ட்!"

"இங்கதான் இருக்கேன்."

"டூகல்ட்!"

பிறகு கூப்பிடுவது நின்றது. பூட்ஸ் மேலே ஏறி வந்து, கல்லுக்கு வெளியே மிக அருகில் நின்றது.

"நான் தோத்துட்டேன்டா" என்றார் ரோரி, தனக்குள் பேசுவதுபோல. "ஒத்துக்கிறேன். வெளிய வாடா."

இஷ்பெல் கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சு சீரானபின் கற்களைத் தள்ளி வெளியே வந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது.

"கேட்டுச்சா?" என்றார் ரோரி.

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"ஒண்ணுமே கேக்கல. நீங்க கூப்பிட்டீங்களான்னே சந்தேகமா இருந்துச்சு."

ரோரி அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். கையுறையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்தார். "உங்கம்மா கேட்டாலும் இதையே சொல்லு" என்றார்.

"சொல்றேன். நீங்க மெதுவா வாங்க."

தலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு அவள் முன்னால் இறங்கினாள். தட்டைப்பாறையின் அருகே நேற்று நின்றவர்களின் கால்தடங்கள் இரவுக் குளிரில் இறுகிப்போய் அப்படியே இருந்தன. எல்லாமே மேல்நோக்கித் திரும்பியிருந்தன. இஷ்பெல் அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.